99.72 சதவீதம் எதைக் கண்டுபிடித்தது?

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் முழுநேர பிஎச்.டி. செய்கிறேன்; மூன்றாம் ஆண்டு. ஆழ்கற்றல் மூலம் நெட்வொர்க் ஊடுருவலைக் கண்டறிவது என் தலைப்பு. என்எஸ்எல்-கேடிடி டேட்டாசெட்டின் ட்ரெயின், டெஸ்ட் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்தேன். வேல் (திமிங்கல) ஆப்டிமைசேஷன் என்ற தேடல் முறை மூலம் 41 அம்சங்களில் 18-ஐத் தேர்ந்தெடுத்து, ஸ்மோட் போட்டு வகுப்புகளைச் சமன்படுத்தி, 80:20 என்று பிரித்து சிஎன்என்-எல்எஸ்டிஎம் என்ற நியூரல் நெட்வொர்க் மாடலை ஓட்டினேன். துல்லியம் 99.72 சதவீதம். மூன்று இடங்களில் பேப்பர் நிராகரிக்கப்பட்டுவிட்டது. ‘பழைய டேட்டாசெட்’, ‘புதுமை போதாது’ என்ற இரண்டு வரிகளுக்கு மேல் யாரும் எழுதவில்லை. இன்னொரு அல்காரிதம் சேர்க்கச் சொல்கிறார் கைடு. ஹாஸ்டல் வைஃபையில் ஓடும் டிராஃபிக்கைப் பிடித்துப் புது டேட்டாசெட் செய்யலாமா என்று எனக்கு ஒரு யோசனை. 14 மாதம்தான் மிச்சம். என்ன செய்யட்டும்?
– ஆராய்ச்சி மாணவி, கோவை மாவட்டம்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

இன்னொரு அல்காரிதம் சேர்த்தால் 99.72 என்பது 99.81 ஆகும். அடுத்த ரிவ்யூவரும் அதே இரண்டு வரியைத்தான் எழுதுவார். அந்த வரிகளுக்குப் பின்னால் உள்ள காரணத்தை யாராவது உங்களுக்கு விரித்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது உங்கள் தவறில்லை. உங்கள் மாடல் கற்றுக்கொண்டிருப்பது, அந்த டேட்டாசெட் எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதை. தாக்குதல் என்றால் என்ன என்பது அதற்கு இன்னும் தெரியாது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால், 14 மாதத்தில் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்தத் தரவின் பூர்வீகத்திலிருந்து தொடங்குவோம். 1998-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்ப்பா அமைப்புக்காக எம்ஐடி லிங்கன் ஆய்வகம், ஒரு விமானப்படைத் தளத்தின் நெட்வொர்க் போன்ற ஒன்றைச் செயற்கையாக அமைத்து ஒன்பது வார டிராஃபிக்கைப் பதிவு செய்தது. ஏழு வாரம் பயிற்சிக்கு, இரண்டு வாரம் சோதனைக்கு. அதை இணைப்புக்கு ஒரு வரி, வரிக்கு 41 அம்சம் என்று சுருக்கி 1999-இல் ஒரு போட்டிக்குக் கொடுத்தார்கள். அதுதான் கேடிடி கப் 99.

அந்தக் கோப்பைத் திறந்து வரிகளை வெறும் கண்ணால் பாருங்கள். கால அளவு 0, ஐசிஎம்பி, எக்கோ ரிப்ளை, அனுப்பிய பைட் 1032, பெற்ற பைட் 0, கடைசி 2 விநாடியில் இதே கணினிக்கு வந்த இணைப்புகள் 511, இதே சேவைக்கு வந்தவை 511. அடுத்த வரியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. இது ஸ்மர்ஃப் தாக்குதல்: பிங் பதில்களை வெள்ளமாகக் கொட்டி ஒரு கணினியை மூழ்கடிப்பது. எல்லோரும் பயன்படுத்தும் 10 சதவீதத் துணைத்தொகுப்பில் மொத்தம் 4,94,021 வரிகள். அதில் ஸ்மர்ஃப் மட்டும் 2,80,790. நெப்டியூன் என்ற சின் ஃப்ளட் (இணைப்புக் கோரிக்கைகளின் வெள்ளம்) 1,07,201. இரண்டும் சேர்ந்து 78 சதவீதத்தைத் தாண்டுகிறது. ‘அனுப்பிய பைட் 1032’ என்று ஒரே ஒரு நிபந்தனை எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு நியூரல் நெட்வொர்க் எதற்கு? போதாக்குறைக்கு, ஸ்மர்ஃபுக்கு வழிவிட்ட ரவுட்டர் அமைப்பை இயல்பாகவே மூடி வைக்க வேண்டும் என்று இணையத் தர ஆவணம் (ஆர்எஃப்சி 2644) 1999 ஆகஸ்டிலேயே மாற்றி எழுதிவிட்டது.

2009-இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகக் குழு, பயிற்சித் தொகுப்பில் 78 சதவீதமும் சோதனைத் தொகுப்பில் 75 சதவீதமும் நகல் வரிகள் என்று காட்டியது. நகல்களை நீக்கி அவர்கள் வெளியிட்டதுதான் உங்கள் கையில் இருக்கும் என்எஸ்எல்-கேடிடி. நகல் போயிற்று. ஆனால் நெட்வொர்க் அதே 1998 நெட்வொர்க்தான். 41 அம்சங்களில் 13 அம்சங்கள் பாக்கெட்டின் உள்ளடக்கத்திலிருந்து எடுத்தவை: எத்தனை முறை லாகின் தோற்றது, ரூட் ஷெல் கிடைத்ததா, எஸ்யூ கட்டளை போடப்பட்டதா என்பது போல. டெல்நெட்டில் எல்லாம் வெளிப்படையாக ஓடிய காலத்தில் அது சாத்தியம். இன்று எஸ்எஸ்எச், டிஎல்எஸ் என்ற குறியாக்க முறைகள் அதை மறைத்துவிடுகின்றன. இன்றைய நெட்வொர்க்கில் ஒரு சென்சாரை வைத்தால் அந்த 13 கட்டங்களை நிரப்பவே முடியாது. ‘பழைய டேட்டாசெட்’ என்று ரிவ்யூவர் சொன்னதன் பொருள் வயது மட்டுமல்ல. உங்கள் மாடலை எங்கும் பொருத்த முடியாது என்பதும்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு வெளிவந்த தார்ப்பா 1999 தரவை ஃபுளோரிடா தொழில்நுட்பக் கழகத்தின் மேத்யூ மகோனியும் ஃபிலிப் சானும் 2003-இல் பிரித்து ஆராய்ந்தார்கள். தாக்குதல் பாக்கெட்டுகளில் டிடிஎல் மதிப்பு (பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்ற எண்) 126, 253 என்று இருந்தது. சாதாரண டிராஃபிக்கில் பெரும்பாலும் 127, 254. தாக்கியவர்களின் கணினிகள் ஆய்வகத்தில் வேறு இடத்தில் இருந்ததாக அமைந்துவிட்டதன் தடயம் அது. தாக்குதலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த ஒரு எண்ணைப் பார்க்கும் எந்த முறையும் ‘தாக்குதலைக் கண்டுபிடித்தது’ போலவே தோன்றும். இந்த டிடிஎல் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே தரவு தயாரிக்கும்போது இதே குழி உங்களுக்கும் காத்திருக்கிறது.

இனி உங்கள் செய்முறைக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய வரிசையிலேயே மூன்று கசிவுகள் இருக்கின்றன, அதாவது சோதனையின் விடை பயிற்சிக்குள் நுழைந்துவிடும் இடங்கள்.

ட்ரெயினையும் டெஸ்டையும் சேர்த்தது முதல் கசிவு. டெஸ்ட் கோப்பில் ட்ரெயினில் இல்லாத தாக்குதல் வகைகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கின்றன. புதியதை மாடல் எப்படி எதிர்கொள்கிறது என்று பார்க்கத்தான். இரண்டையும் கலக்கிப் பிரித்ததும் அந்தக் கேள்வியே காணாமல் போய்விட்டது. கலக்காமல், ட்ரெயினில் பயிற்றுவித்து டெஸ்டில் மட்டும் சோதித்துப் பாருங்கள். ரேண்டம் ஃபாரஸ்ட் போன்றவை 80 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். உங்கள் மாடலும் அந்தப் பக்கம்தான் இறங்கும். 99-க்கும் 80-க்கும் நடுவே இருக்கும் அந்தப் பள்ளம்தான் உங்கள் ஆராய்ச்சியின் உண்மையான தொடக்கப் புள்ளி.

அம்சத் தேர்வைப் பிரிப்பதற்கு முன்பே செய்தது இரண்டாவது. எந்த 18 அம்சம் நல்லது என்று முடிவு செய்யும்போதே சோதனை வரிகளின் விடையையும் பார்த்தாயிற்று. அம்சத் தேர்வு, அளவு ஒழுங்கு செய்வது, ஹைப்பர்பாராமீட்டர் தேடுவது எல்லாமே பயிற்சிப் பகுதிக்குள் மட்டும் நடக்க வேண்டும்.

மூன்றாவது ஸ்மோட். என்எஸ்எல்-கேடிடி ட்ரெயின் கோப்பில் உள்ள 1,25,973 வரிகளில் யு2ஆர் (சாதாரணப் பயனர் ரூட் அதிகாரத்தைப் பறிப்பது) வகை வெறும் 52. ஸ்மோட் என்ன செய்கிறது? இரண்டு அண்டை வரிகளுக்கு நடுவே ஒரு கற்பனை வரியை உண்டாக்குகிறது. பிரிப்பதற்கு முன்பே இதைச் செய்தால், அசல் வரி சோதனைப் பக்கம் போயிருக்கும். அதை வைத்துப் பிறந்த வரி பயிற்சிப் பக்கம் உட்கார்ந்திருக்கும். வினாத்தாளை ஓர் எழுத்து மாற்றி முதல் நாளே கொடுத்தது போலத்தான். ஸ்மோட்டைப் பயிற்சிப் பகுதியில் மட்டும் போடுங்கள், சோதனைப் பகுதியை அசல் விகிதத்திலேயே விடுங்கள்.

அந்த 52-ஐ வைத்தே இன்னொரு கணக்கு. ஸ்மோட் இல்லாத தரவில் 52 யு2ஆர் வரிகளையும் ஒன்றுவிடாமல் தவறவிட்டால் மொத்தத் துல்லியம் எவ்வளவு குறையும்? 0.04 சதவீதப் புள்ளி. ரூட் அதிகாரத்தைப் பறிக்கும் தாக்குதல் எதையுமே பிடிக்காத ஒரு மாடல் 99.9 வாங்க முடியும். ஆகவே துல்லியம் என்ற ஒற்றை எண்ணைப் பேப்பரிலிருந்தே எடுத்துவிடுங்கள். வகுப்புக்கு வகுப்பு பிரிசிஷன் (எச்சரித்ததில் எவ்வளவு உண்மை), ரீகால் (உண்மையில் எவ்வளவு பிடிபட்டது) கொடுங்கள். அதோடு, ஒரு நாளுக்கு எத்தனை பொய் எச்சரிக்கை என்று ஒரு வரி.

அந்த வரி ஏன் என்று கேட்டால், ஒரு கல்லூரி நெட்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 10 லட்சம் ஃப்ளோ (இரு கணினிகளுக்கு இடையே ஓர் இணைப்பின் டிராஃபிக்), அதில் உண்மையான தாக்குதல் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடலின் ரீகால் 99 சதவீதம், பொய் எச்சரிக்கை விகிதம் 0.1 சதவீதம், பேப்பரில் பார்க்க அழகான எண்கள். நாள் முடிவில் 20 உண்மை எச்சரிக்கையும் ஏறக்குறைய 1,000 பொய் எச்சரிக்கையும் குவிந்திருக்கும். ஒன்றைச் சரிபார்க்க 5 நிமிடம் என்றால் பொய்களுக்கு மட்டுமே 83 மணி நேர வேலை. நெட்வொர்க் நிர்வாகி மூன்றாம் நாளே அதை அணைத்துவிடுவார். ஸ்டீஃபன் ஆக்ஸெல்சன் 1999-இலேயே இந்த அடிப்படை விகிதச் சிக்கலை ஊடுருவல் கண்டறிதலுக்குப் பொருத்திக் காட்டிவிட்டார். ராபின் சோமரும் வெர்ன் பாக்ஸனும் 2010-இல் ஐட்ரிபிள்இ எஸ் அண்ட் பி மாநாட்டுப் பேப்பரில், இயந்திரக் கற்றல் இந்தத் துறையில் மட்டும் ஏன் ஆய்வகத்தை விட்டு வெளியே வரத் தடுமாறுகிறது என்று விரிவாக எழுதினார்கள். 2022 யூஸ்னிக்ஸ் செக்யூரிட்டி மாநாட்டில் டேனியல் ஆர்ப்பும் குழுவினரும் முதல் தர மாநாடுகளில் வந்த 30 பேப்பர்களை அலசி, 10 வகைப் பிழைகளில் குறைந்தது மூன்று ஒவ்வொரு பேப்பரிலும் இருப்பதைக் காட்டினார்கள். உங்கள் மேல் மட்டும் குறை என்று நினைத்துக் குமையாதீர்கள். யூஸ்னிக்ஸ் பேப்பர்கள் இலவசம். அந்த 10 பிழைகளின் பட்டியலை அச்செடுத்து மேஜைக்கு எதிரே ஒட்டிவைத்து, உங்கள் செய்முறையை வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, புது டேட்டாசெட்டுக்கு மாறினால் போதுமா? பலர் உடனே ஓடுவது சிஐசி-ஐடிஎஸ் 2017 பக்கம். அதே நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகம் 2017 ஜூலை 3 முதல் 7 வரை ஐந்து நாள் பதிவு செய்தது. கேடிடியைவிட எவ்வளவோ மேல். பாக்கெட்டுகளை அப்படியே பதிந்த பிகேப் கோப்பே கிடைக்கிறது. ஆனால் ஃபயர்வாலின் முகவரி மாற்றம் காரணமாக, வெளியிலிருந்து வந்த தாக்குதல்கள் 172.16.0.1 என்ற ஒரே முகவரியிலிருந்து வந்ததாகத் தெரியும். மூல முகவரிக் கட்டத்தை நீக்க மறந்தால் கதை முடிந்தது. சேரும் போர்ட் எண்ணும் இதே வேலையைச் செய்யும். திங்கட்கிழமை முழுக்கத் தாக்குதலே இல்லாத நாள். நேரமுத்திரையை அம்சமாக விட்டால் மாடல் கிழமையைக் கற்றுக்கொள்ளும். ஹார்ட்பிளீட் வகையில் 11 ஃப்ளோதான். அதன் மேல் சதவீதம் போடுவதில் பொருளே இல்லை. ஃப்ளோ எங்கே முடிகிறது என்று பிரிக்கும் கருவியிலும் குறியிட்டதிலும் இருந்த பிழைகளை 2021-இல் எங்கெலன், ரிம்மர், யோசன் மூவரும் திருத்திக் காட்டியிருக்கிறார்கள். இதைப் பயன்படுத்துவதாக இருந்தால் அந்தத் திருத்தத்தோடுதான் பயன்படுத்த வேண்டும்.

எந்த டேட்டாசெட்டை எடுத்தாலும் முதல் வேலை ஒன்று: ஆழம் 3 மட்டும் உள்ள ஒரு டிசிஷன் ட்ரீயை ஓட்டுங்கள். அது மூன்றே கேள்வியில் 95 சதவீதம் தொட்டால், எந்த அம்சத்தின் மேல் கேட்கிறது என்று பாருங்கள். போர்ட், டிடிஎல், விண்டோ அளவு, நேரம் என்று வந்தால் அது தயாரிப்பின் தடயம். அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அரை மணி நேர வேலை இது. பல பேப்பர்களைக் காப்பாற்றியிருக்கும்.

இனி 14 மாதம். ‘ஊடுருவலைக் கண்டறிதல்’ என்ற கடலை விட்டுவிட்டு ஒரு கிணற்றைத் தோண்டுங்கள். நான் பரிந்துரைப்பது இது: எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் வழி) கடவுச்சொல் ஊகம் எவ்வளவு மெதுவாக, எத்தனை முகவரிகளுக்குப் பிரிந்து வந்தால் ஒவ்வொரு கண்டறிதல் முறையும் கண்ணை மூடிக்கொள்கிறது? இதற்கு ஒரு கறாரான அளவுகோல் தயாராக இருக்கிறது. நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் ஸீக் மென்பொருளோடு வரும் கடவுச்சொல் ஊக ஸ்கிரிப்ட், ஒரே முகவரி 30 நிமிடத்துக்குள் 30 முறை தோற்றால்தான் எச்சரிக்கை தரும். நிமிடத்துக்கு ஒன்று என்பது விளிம்பு. 2 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 30 நிமிடத்தில் 15தான். ஆண்டு முழுதும் தட்டினாலும் சத்தம் வராது. பரவிய, மெதுவான ஊகத்தை மோபின் ஜாவெதும் வெர்ன் பாக்ஸனும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் எட்டு ஆண்டுத் தரவில் ஆராய்ந்து 2013 சிசிஎஸ் மாநாட்டில் வெளியிட்டார்கள். அது பெரிய நெட்வொர்க். பத்து இருபது சர்வர் உள்ள சிறு கல்லூரியில் அந்த முறை எந்தப் புள்ளியில் உடைகிறது, உங்கள் சிஎன்என்-எல்எஸ்டிஎம் அங்கே உதவுகிறதா, இல்லை சாதாரண எண்ணிக்கை வரம்பே போதுமா என்பது உங்கள் கேள்வி. விடை ‘உதவவில்லை’ என்று வந்தாலும், அளந்த முறை சரியாக இருந்தால் அது நல்ல பேப்பர்.

இதற்கு 32 ஜிபி நினைவகமுள்ள ஒரு டெஸ்க்டாப் போதும். அதில் ஆறு விர்ச்சுவல் மெஷின்: இரண்டு சர்வர், இரண்டு சாதாரணப் பயனர், ஒரு தாக்குபவர், ஒரு ஸீக் சென்சார். வெளி இணையத்தோடு தொடர்பில்லாத உள் நெட்வொர்க்கில் அமையுங்கள். வேகம் ஐந்து வகை: விநாடிக்கு ஒன்று, 10 விநாடிக்கு ஒன்று, நிமிடத்துக்கு ஒன்று, 5 நிமிடத்துக்கு ஒன்று, 30 நிமிடத்துக்கு ஒன்று. மூல முகவரி 1, 5, 25 என்று மூன்று வகை. ஆக 15 அமைப்பு. ஒவ்வொன்றும் 24 மணி நேரம், மூன்று முறை. 45 நாள். நடுவே மின்தடை, வட்டு நிரம்புதல் என்று வந்தால் அதற்கு 15 நாள் கூடுதலாக வையுங்கள்.

எங்கே சறுக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் மாதங்கள் கரையும்.

ஸீக்கை ஓட்டியதும் பதிவுகள் காலியாக இருக்கும். விர்ச்சுவல் நெட்வொர்க் கார்டு செக்சம் (பாக்கெட் பிழையின்றி வந்ததா என்று காட்டும் எண்) கணக்கைத் தள்ளிப்போடுவதால் பாக்கெட்டில் தவறான செக்சம் இருக்கும். ஸீக் அவற்றை ஒதுக்கிவிடும். ஸீக்கில் செக்சம் சரிபார்ப்பை நிறுத்துங்கள். கூடவே பாக்கெட்டுகளை ஒட்டிப் பெரிதாக்கிக் கையாளும் ஜிஆர்ஓ, டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ எல்லாவற்றையும் அணையுங்கள். இல்லாவிட்டால் 1,500 பைட்டைத் தாண்டிய, கேபிளில் ஒருநாளும் ஓடாத பாக்கெட்டுகள் பதிவாகும், பாக்கெட் அளவு சார்ந்த அம்சம் எல்லாம் பொய்யாகும்.

அடுத்தது நேரம். ஸீக் நேரத்தை யுடிசி விநாடிக் கணக்கில் எழுதும். சர்வரின் ஆத் லாக் (உள்நுழைவுப் பதிவு) இந்திய நேரத்தில் எழுதும். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைக் கவனிக்காமல் குறியிட்டால் தாக்குதல் எல்லாம் சாதாரணம் என்றும், சாதாரணம் தாக்குதல் என்றும் பதிவாகும். மாடல் ஏன் கற்கவில்லை என்று ஒரு மாதம் தேடுவீர்கள். எல்லா மெஷினையும் யுடிசிக்கு மாற்றி, கடிகாரங்களை ஒத்திசைக்கும் குரோனி போட்டு ஒரே நேரத்துக்குக் கட்டுங்கள். எது தோற்ற லாகின் என்பதற்கு ஸீக்கின் ஊகத்தை நம்பாதீர்கள். அது பாக்கெட் அளவை வைத்துச் சொல்வது. இறுதி விடை சர்வரின் ஆத் லாக்தான்.

எஸ்எஸ்எச் சர்வரின் இயல்பு அமைப்புகளும் தரவை வளைக்கும். ஒரே இணைப்பில் 6 முறை வரை முயலலாம். எனவே இணைப்பு எண்ணிக்கையும் முயற்சி எண்ணிக்கையும் ஒன்றல்ல. உள்நுழையாத இணைப்புகள் 10-ஐத் தொட்டதும் சர்வர் தற்செயலாகச் சிலவற்றைத் தள்ள ஆரம்பிக்கும். 2024 ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8 முதல், திரும்பத் திரும்பத் தோற்கும் முகவரியைச் சர்வரே சிறிது நேரம் தடுத்துவைக்கிறது. பதிப்பு எண்ணைப் பேப்பரில் எழுதாவிட்டால் உங்கள் முடிவை வேறு யாரும் திரும்பச் செய்ய முடியாது.

இப்போது அந்த டிடிஎல் குழி. தாக்குபவர் மெஷினில் காலி லினக்ஸ், பயனர் மெஷினில் விண்டோஸ் என்று வைத்தால் ஒன்றின் டிடிஎல் 64, மற்றதன் டிடிஎல் 128. மாடல் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கற்றுக்கொண்டு முழு மதிப்பெண் வாங்கும். கடவுச்சொல் ஊகிக்கும் ஹைட்ரா கருவி லிப்எஸ்எஸ்எச் என்று தன் பெயரை வெளிப்படையாகவே அறிவிக்கும், பயனர்கள் ஓப்பன்எஸ்எஸ்எச். அதுவும் ஒரு கட்டத்தில் பதிவாகிவிடும். இரு பக்கமும் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டம், ஒரே எஸ்எஸ்எச் கிளையன்ட் வையுங்கள். தாக்குதலைச் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றால் நடத்துங்கள்.

சாதாரண டிராஃபிக்கை எப்படிச் செய்வது என்பதில்தான் இந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. எல்லாப் பயனரும் முதல் முறையே சரியான கடவுச்சொல்லைப் போட்டால் அது பொம்மை. கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்து மூன்றாவதில் நுழையும் பேராசிரியர் வேண்டும். விடுமுறை முடிந்து வந்து கடவுச்சொல்லை மறந்த மாணவர் வேண்டும். முக்கியமாக, சாவி மாற்றிய பிறகும் பழைய சாவியோடு 5 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருக்கும் பேக்கப் ஸ்கிரிப்ட் வேண்டும். நெட்வொர்க்கில் நின்று பார்த்தால் அதற்கும் மெதுவான தாக்குதலுக்கும் வித்தியாசம் தெரியாது. பொய் எச்சரிக்கையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வரும்; அதை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதே தனி அத்தியாயம் ஆகலாம்.

ஹாஸ்டல் வைஃபை யோசனையைக் கைவிடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-இன்படி, நெட்வொர்க்கின் பொறுப்பாளர் அனுமதி இல்லாமல் தரவை நகலெடுத்தாலே இழப்பீட்டுப் பொறுப்பு வரும். ஆராய்ச்சிக்காக என்ற காரணம் அங்கே நிற்காது. நேர்மையற்ற நோக்கம் என்று முடிவானால் பிரிவு 66. மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், உங்கள் பக்கத்து அறைத் தோழி இரவில் எந்த மருத்துவத் தளத்தைத் திறந்தார் என்பது டிஎன்எஸ் வினவலிலேயே தெரிந்துவிடும். ஐபி முகவரியை கிரிப்டோ-பான் முறையில் மறைத்தாலும் டிஎன்எஸ் பெயரும் டிஎல்எஸ் தொடக்கத்தில் வரும் தளப்பெயரும் அப்படியே நிற்கும். 2012-இல் வந்த மென்லோ அறிக்கை இந்தத் துறை ஆய்வுக்கான நெறிகளைத் தெளிவாக வகுத்திருக்கிறது. நெறிக் குழுவின் பார்வைக்கு வராத இப்படிப்பட்ட தரவை நல்ல மாநாடுகள் எளிதில் ஏற்பதும் இல்லை. 2020-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் கெர்னல் பராமரிப்பாளர்களிடம் சொல்லாமல் பிழையுள்ள திருத்தங்களை அனுப்பிச் சோதித்தார்கள். ஏற்கப்பட்டிருந்த அந்தப் பேப்பரை 2021-இல் திரும்பப் பெற நேர்ந்தது; பல்கலைக்கழகத்திலிருந்து வரும் திருத்தங்களுக்கே கெர்னல் தரப்பு தடை போட்டது.

உண்மையான தாக்குதல் தரவு வேண்டுமென்றால் நேர் வழி இருக்கிறது: ஹனிபாட், அதாவது தாக்குபவர்களை ஈர்க்க வைக்கும் பொறி சர்வர். மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு விபிஎஸ்ஸில் (இணையத்தில் உள்ள விர்ச்சுவல் சர்வர்), வாடகை விதிகள் அனுமதிக்கின்றனவா என்று படித்துவிட்டு, கௌரி என்ற திறமூல ஹனிபாட்டை 90 நாள் ஓட்டுங்கள். உங்கள் சொந்த எஸ்எஸ்எச் நுழைவை முதலில் வேறு போர்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு 22-க்கு வருவதைக் கௌரி கேட்கும் 2222-க்குத் திருப்புங்கள். ரூட் அதிகாரத்தில் அதை ஓட்டவே கூடாது. வெளியே போகும் இணைப்புகளை ஃபயர்வாலில் மூடுங்கள். கௌரி தன்னை எஸ்விஆர்04 என்ற பெயரிலும், ஃபில் என்ற பயனரோடும் காட்டிக்கொள்ளும். இதை மாற்றாவிட்டால் விவரம் தெரிந்த தாக்குபவர் அடையாளம் கண்டு விலகிவிடுவார், உங்களுக்கு மிஞ்சுவது தானியங்கி பாட் மட்டும். முதல் 60 நாளில் பயிற்சி, கடைசி 30 நாளில் சோதனை. கலக்காதீர்கள், நாளைய தரவை வைத்து நேற்றைக் கணிப்பது எந்த நெட்வொர்க்கிலும் நடக்காது. ஒரே முகவரி இரு பக்கமும் இருந்தால் அதைத் தனியாகப் பிரித்துக் கணக்குக் கொடுங்கள். ஆய்வகத் தரவில் பயிற்றுவித்ததை ஹனிபாட்டில் வந்த ஊகங்களின் மேல் ஓட்டிப் பார்த்தால் ரீகால் விழும். எவ்வளவு விழுகிறது, ஏன் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். ஹனிபாட்டில் சாதாரணப் பயனர் கிடையாது. ஆகையால் பொய் எச்சரிக்கையை அங்கே அளக்க முடியாது, அது ஆய்வகத்திலிருந்துதான் வர வேண்டும்.

கால அட்டவணையை நான் கட்டமாகப் போட்டுத் தரப்போவதில்லை. ஹனிபாட்டை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள், அது பாட்டுக்கு ஓடட்டும். அது 90 நாள் ஓடி முடிவதற்குள் ஆய்வகமும் தயாராகி முதல் ஓட்டங்கள் போயிருக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் எண்கள் கையில் இருந்தால் எழுத, அனுப்ப, ஒருமுறை நிராகரிக்கப்பட்டுத் திருத்த நேரம் இருக்கும். ஒவ்வொரு சோதனையையும் 10 வெவ்வேறு தொடக்க விதைகளோடு ஓட்டிச் சராசரியும் விலகலும் கொடுங்கள். அருகில் ஒரு டிசிஷன் ட்ரீயும், ஸீக்கின் அந்த 30-க்கு 30 வரம்பும் ஒப்பீட்டுக்கு நிற்கட்டும். இந்தியாவிலேயே 2005 முதல் நடக்கும் ஐசிஐஎஸ்எஸ் மாநாடு உங்கள் அளவிலான வேலைக்குப் பொருத்தமான இடம். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் ஏற்பு என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குக் கொடுத்தால் பேப்பரும் போய்விடும், அதை வேறு எங்கும் திரும்ப அனுப்பவும் முடியாது.

கைடிடம் இதை வாதமாகக் கொண்டுபோகாதீர்கள். மூன்று வரியுள்ள ஓர் அட்டவணையாகக் கொண்டுபோங்கள். முதல் வரி: உங்கள் பழைய முறை, 99.72. இரண்டாவது: அம்சத் தேர்வும் ஸ்மோட்டும் பிரித்த பின், பயிற்சிப் பகுதியில் மட்டும். மூன்றாவது: ட்ரெயின் கோப்பில் பயிற்சி, டெஸ்ட் கோப்பில் சோதனை. பக்கத்திலேயே யு2ஆர் வகையின் ரீகாலுக்கு ஒரு கட்டம். கோட் உங்களிடம் இருப்பதால் இதற்கு இரண்டு நாள்தான் ஆகும். ‘சார், இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைத்தான் ரிவ்யூவர் சொல்கிறார்’ என்று தாளை அவர் முன் வையுங்கள். எஸ்எஸ்எச் பற்றிய பேச்சை, அவர் அந்த மூன்றாவது எண்ணைப் பார்த்து ‘ஏன் இப்படி?’ என்று கேட்ட பிறகு எடுங்கள்.